சுங்கை சிப்புட் சொந்தங்களுக்கும் அந்த நர்ஸ் மிஸ்ஸிக்கும்

அம்மாவின் நுரையீரல் புற்றுநோய்க் கட்டி சுருங்கிவிட்ட சேதி இதற்குள் உங்கள் எல்லோர் காதுக்கும் எட்டியிருக்கும். கை இன்னும் நடுங்குகிறது, இருந்தாலும் இன்றே எழுதிவிடுகிறேன்.

ஈப்போவுக்கு வேன் ஓட்டிய மாமா, கஞ்சி கொண்டுவந்த அக்காமார், கோயிலில் அர்ச்சனை வைத்தவர்கள், பழைய தோட்டத்து லயத்து வீட்டு ஆட்கள், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும். வார்டில் இருந்த மிஸ்ஸி, பெயர் போட வேண்டாம் என்றார். மலேசியாவில் நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் ஐந்து ஆண்டு தாண்டுவோர் நூற்றுக்கு 11 பேர்தான் என்று போனில் படித்துவிட்டு நான் வெளியே அழுதுகொண்டிருந்தேன். அவருக்குச் சாப்பாட்டு நேரம். பொட்டலத்தைப் பிரிக்காமலே பக்கத்தில் உட்கார்ந்து, ரிப்போர்ட்டை வாங்கி 'அடினோகார்சினோமா' என்று புற்றுநோயின் வகை எழுதியிருந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டார். "அந்தக் கணக்கு எல்லா வகையையும் சேர்த்தது தங்கச்சி, அதுவும் 2007லேர்ந்து 2011 வரைக்கும் நோய் இருக்குன்னு தெரிய வந்தவங்களோடது. அம்மாவுக்கு என்ன வகைன்னு முதல்ல பாரு."

சிகரெட்டோடு ஒட்டி வரும் சிறு செல் வகை நூற்றில் 15 பேருக்குத்தான், ஆனால் வேகமாகப் பரவும், ஐந்து ஆண்டு தாண்டுவோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. அம்மாவுக்கு அது இல்லை. புகைக்காத ஆசியப் பெண்களுக்குப் பெரும்பாலும் வருவது அடினோகார்சினோமா. ஆசியாவில் அந்த வகை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு செல் வளர்ச்சியைத் தூண்டும் இ.ஜி.எஃப்.ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்குமாம், வெள்ளைக்காரர்களிடம் 10, 15 விழுக்காடுதான். இருந்தால் மாத்திரையிலேயே கட்டுக்குள் வைக்கலாம், டாக்டரிடம் கேள் என்றார். கேட்டோம், இருந்தது. முழுசாகக் குணமாகிவிடும் என்று அவர் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தெம்பு கொடுத்தது.

அப்புறம் அம்மாவின் கட்டிலுக்கே போய், "நீங்க செஞ்ச தப்பு எதுவும் இல்லம்மா" என்று கையைப் பிடித்துச் சொன்னார். வருகிறவர் போகிறவர் எல்லாம் சிகரெட் பிடித்தாயா என்று கேட்டு அம்மா குன்றிப் போயிருந்தார். அன்று சாயங்காலம் அவராகவே மீகூன் வேண்டுமென்று கேட்டுச் சாப்பிட்டார்.

நம் நாட்டில் இந்த நோய் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முற்றிய 3, 4ஆம் கட்டத்தில்தான் தெரிய வருகிறது. தோட்டத்துத் தூசி, பனி, புகை என்று இருமலைத் தள்ளிப் போட்டே நாம் பழகிவிட்டோம். மூன்று வாரத்துக்கு மேல் இருமல் விடவில்லையென்றால், சிகரெட்டே தொடாதவராக இருந்தாலும் சரி, என்னைக் கூப்பிடுங்கள். அரசாங்கக் கிளினிக்குக்கு என் காரிலேயே கூட்டிப் போகிறேன், எக்ஸ்ரே எடுத்து முடியும்வரை கூடவே இருக்கிறேன். அம்மாவும் வருவாராம், முன்சீட் அவருக்கு.