தேனியில் இறங்கியவள் எழுதுவது

அன்புள்ள உனக்கு,

இன்று டிசம்பர் 31. போடியிலிருந்து அந்தக் கடைசி மீட்டர் கேஜ் ரயில் போய் 15 ஆண்டுகள். உன் பெயரை எழுதப்போவதில்லை. இதைப் படிக்கும் போடிக்காரர்களுக்கு நம் இரண்டு வீடுகளையும் தெரியும். உன் மனைவியும் படிக்கலாம். அவர் மனம் சங்கடப்படும்படி எதுவும் எழுத மாட்டேன்.

தை பிறந்ததும் திருமணம் செய்துகொள்கிறேன். பதிவு அலுவலகத்தில், இரண்டு மாலைகளோடு. நான் மணக்கப்போகிறவருக்கு ஒன்பது வயதில் மகள் இருக்கிறாள். ஊர் வாயால் நீ இதைக் கேட்கக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் தேனி ஸ்டேஷன் குழாய்தான் கண்முன் நிற்கிறது.

அந்தக் கடைசி ரயிலில் என் விரல்களை முகர்ந்துவிட்டு, "மதுரைக்குப் போனாலும் இந்த ஏலக்காய் வாசம் போகாது" என்றாய். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்து, "இது என்னிடம் இருக்கட்டும், நீ தொலைத்துவிடுவாய்" என்று சிரித்தாய். இறங்கினேன். பாட்டில் நிறைந்து, தண்ணீர் என் மணிக்கட்டில் வழிந்து, முழங்கை வரை நனைந்தது. குழாயை மூடவில்லை. வண்டி ஊதியது. அப்போதும் மூடவில்லை.

மன்னித்துவிடு. அந்த மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை இங்கே எழுத முடியாது. தங்கைகள் இருவரும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் போயிருந்தால் அவர்களை யார் பெண் கேட்டு வந்திருப்பார்கள்? 2019இல் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போனபோது முதலாளி கொடுத்த முன்பணத்தில்தான் சின்னவள் கழுத்தில் தாலி ஏறியது. இதெல்லாம் உண்மைதான். பயந்தேன் என்பதும் உண்மை.

ஆனால் நீயும் வாசற்படியில்தானே நின்றாய்? வண்டி ஆள் நடக்கும் வேகத்தில்தான் நகர்ந்தது. என்னைப் பார்த்தாய். குதித்திருக்கலாம். குதிக்காமல் போய்விட்டு, நான் ஏமாற்றிவிட்டதாக நண்பர்களிடம் சொன்னாய். அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே இதே தெருக்கள் வழியாக ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போனவள் நான். நீ இல்லை.

அகலப் பாதையாக மாற்றத் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். 90 கிலோமீட்டர் பாதை. 2022 மே மாதம் புது ரயில் தேனி வரை வந்து நின்றுவிட்டது. போடிக்கு மிச்சம் 15 கிலோமீட்டர். அது வந்து சேர இன்னும் ஓராண்டு ஆனது. அந்த ஓராண்டும் தேனிப் பக்கம் போகிற பஸ்ஸில்கூட நான் ஏறவில்லை.

இப்போது வாரத்தில் மூன்று நாள் சென்னை ரயில் வருகிறது. அதில் குடும்பத்தோடு வந்து இறங்கினாயாம். மகள் உன் ஜாடையாம். கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது, நம்பு.

அந்தப் பாட்டிலை வைத்திருந்தேன். நேற்று அவர் மகள் செடி வைக்கக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். "மூடி எங்கே?" என்றாள்.

இன்னும் உன்னிடம் இருந்தால் எறிந்துவிடு. எப்போதோ தொலைத்துவிட்டாய் என்றால், அதை என்னிடம் சொல்லாதே.