மன்னிப்புக்குப் பிறகும் ஒழுகும் கூரைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த உறைவிடப் பள்ளிகளுக்காக அப்போதைய அதிபர் பைடன் 2024 அக்டோபரில் மன்னிப்புக் கேட்டதைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, அப்பள்ளிகளை முடிந்துபோன கதையாகவே சொல்லிச் செல்கிறது. அரிசோனாவில் ஒயிட் மவுண்டன் அப்பாச்சி என்ற பழங்குடியினரின் நிலத்திலுள்ள தியோடர் ரூஸ்வெல்ட் பள்ளியின் வரலாற்றைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

இப்பள்ளி இருப்பது ஃபோர்ட் அப்பாச்சி என்ற பழைய இராணுவ முகாமில். 1870-இல் அமைந்த அம்முகாமின் சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்த சிரிகாவா என்ற மற்றோர் அப்பாச்சிப் பிரிவினர், இராணுவத்துக்கே துப்பறிந்து கொடுத்தவர்கள் உட்பட, 1886-இல் கைதிகளாக ரயிலேற்றப்பட்டுப் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்து அவர்களுடைய பிள்ளைகள் பலர் பென்சில்வேனியாவிலிருந்த கார்லைல் என்ற உறைவிடப் பள்ளிக்குக் கொண்டுபோகப்பட்டனர். 1922-இல் இராணுவம் வெளியேற, மறு ஆண்டே அதே கட்டடங்களில் அரசு உறைவிடப் பள்ளியைத் திறந்தது. முதலில் நவஹோ என்ற வேறொரு பழங்குடியின் பிள்ளைகளும் பிறகு அப்பாச்சிப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். இன்று அதை நடத்துவது பழங்குடியினரின் சொந்தப் பள்ளிக் குழு. (முன்னாள் அதிபரின் பெயரை மட்டும் அவர்களும் மாற்றவில்லை.)

கட்டுரையாளர் அவசியம் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வழக்கைத்தான். 1960-இல் நாடாளுமன்றம் அந்த இடத்தைப் பழங்குடியினருக்காக அரசு தன் பொறுப்பில் வைத்திருக்கும் சொத்தாக அறிவித்தது. ஆனால் பள்ளிக்கும் நிர்வாகத்துக்கும் அதைப் பயன்படுத்தும் உரிமையை அரசே வைத்துக்கொண்டது. பயன்படுத்திய அரசு பராமரிக்கவில்லை. நூறாண்டு கடந்த கட்டடங்கள் சிதைந்தன, சில இடிக்கப்பட்டன. அவற்றைச் செப்பனிட 1 கோடியே 40 லட்சம் டாலர் தேவை என்று கணக்கிட்டுப் பழங்குடியினர் வழக்குத் தொடுத்தனர். அப்படியொரு கடமையைச் சட்டம் தன்மீது சுமத்தவில்லை என்று அரசு வாதாடியது. பிறர் பொருட்டுப் பொறுப்பில் வைத்திருக்கும் சொத்தைத் தானே அனுபவித்துக்கொண்டு பாழாக விட முடியாது என்னும் அடிப்படையில், 2003-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் பழங்குடியினர் பக்கம் தீர்ப்பளித்தது. இரண்டாண்டுகளில் 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமாயிற்று. தங்களை ஒடுக்கிய முகாமை இடித்துத் தள்ளாமல், அதைச் சரியாகப் பராமரி என்று அரசையே நீதிமன்றத்துக்கு இழுத்தவர்கள் அவர்கள். 2012-இல் அவ்விடம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இத்தகைய பள்ளிகளைப் பழங்குடியினரே அரசு மானியத்தில் நடத்த 1988-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. ஆனால் கட்டடப் பணிகளுக்கு அவர்கள் பெரும்பாலும் வாஷிங்டனின் நிதியைத்தான் எதிர்பார்த்திருக்கிறார்கள். பூர்வகுடிக் கல்வியில் கூட்டாட்சி அரசின் நிர்வாகத்தை 2017-இல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே, சீர்கேட்டுக்கு இடமுள்ள அரசுப் பணிகளைக் குறிக்கும் உயர் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. மன்னிப்புரையின் வாசகங்களை இவ்வளவு விரிவாக ஆராய்ந்த கட்டுரையாளர், அதற்குப் பின் இப்பள்ளிகளின் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்பதையும் அடுத்த இதழில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சிராப்பள்ளி