கதவைச் சாத்தியவர்கள் யார்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மனித உரிமைகள் தினத்தன்று தாங்கள் எழுதிய ஆசிரிய தலையங்கத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை தேநீருடன், இரண்டாம் தடவை தேநீர் ஆறிப்போன பிறகு. கொழும்புத் தமிழர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பொதுக் காரியங்களிலிருந்து ஒதுங்கிவிட்டார்களாம். காஸாவுக்கும் ஜெனிவாவுக்கும் நடுவில் எங்களுக்கும் ஒரு வரி ஒதுக்கியதற்கு நன்றி.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையின் வாய்க்கால் மழைக்கு வீட்டுப் படியேறி வருகிறது. கதவைச் சாத்தியும் பயனில்லை. அதைத் திருத்த ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என்று, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஓர் அலுவலகத்துக்குத் தமிழில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது தாங்கள் அறியாததல்ல. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது, முழுக்கச் சிங்களத்தில். உறையில் என் பெயர் மட்டும் தமிழில் இருந்தது, அதுவும் பிழையாக.

கடிதத்தை மருந்துக்கடைத் தம்பியிடம் கொண்டுபோனேன். அவன் இருமல் மருந்துப் போத்தலை ஓரமாக வைத்துவிட்டு, விரலால் வரி வரியாகத் தொட்டு வாசித்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்: "உங்களுடைய கேள்வி விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள், அன்ரி."

1987இல் 13ஆவது திருத்தம் 'தமிழும்' அரசகரும மொழி என்றது. அன்றிலிருந்து அந்த 'உம்'மைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். கொழும்பில் இருக்கும் நான் அரச அலுவலரிடமிருந்து தமிழில் பதில் பெற உரித்துடையவள் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவள் நான். சுற்றறிக்கை வாசிக்கத் தெரியும்.

ஒதுங்கியவர்கள் என்கிறீர்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியும் முன், இந்த நகரத்து லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். கடவுச்சீட்டு எடுக்க வந்திருந்த என் மச்சானின் மகனும் அதில் ஒருவன். அவன் அறையில் காயப்போட்டிருந்த ஈரத் துவாயை நான்தான் போய் எடுத்து வந்தேன். மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு கொடுத்த மனுவின் பேரில், இந்த வெளியேற்றத்துக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஒரு மனுவுக்கு பஸ் நிற்கும் என்று அன்று கண்டேன். அதிலிருந்துதான் நானும் மனு எழுதுகிறேன்.

2022இல் காலிமுகத்திடல் போராட்டத்தில், வெயிலில் என் மகள் நின்றாள். தமிழரை அங்கே காணவில்லையே என்று அப்போதும் ஒரு பத்திரிகை கவலைப்பட்டது. தங்களுடையது என்றே ஞாபகம். அது பற்றி நான் அனுப்பிய இரண்டு கடிதங்களுக்கும் இடம் கிடைக்கவில்லை. ராசிபலனுக்கு அரைப்பக்கம் வேண்டியிருக்கிறது, புரிகிறது.

கேட்பது அதிகமில்லை. தகவல் அலுவலர் பதில் தராவிட்டால் 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்வது எப்படி, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதுவது எப்படி என்பதை, ஒரு மாதிரிக் கடிதத்துடன், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். வெட்டி மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒட்டுவதாகத் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.