மண்டபத்துச் சோறும் மாட்டு வயிறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கறவை மாட்டுத் தீவனம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், மிஞ்சிய சோற்றைக் கழனித்தண்ணீர்த் தொட்டியில் சேர்த்தால் தீவனச் செலவு குறையும் என்று ஒரு வரி இருந்தது. எவ்வளவு சேர்க்கலாம் என்று சொல்லவில்லை. வேலூர்ப் பக்கம் அந்த அளவு தெரியாமல்தான் மாடுகள் சாகின்றன. தைப் பொங்கல், வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, ஆடிக் கூழ், நடுநடுவே முகூர்த்த நாட்கள். இவற்றில் மிஞ்சிய சோற்றை மாடு தின்ற மறுநாள்தான் "மாடு அசை போடல, தள்ளாடுது" என்று கால்நடை மருந்தகத்துக்கு ஆள் ஓடுகிறது.

சோறு வெந்த மாவுச்சத்து. மாட்டு வயிற்றின் நான்கு அறைகளில் முதல் அறையில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சில மணி நேரத்தில் புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்கிவிடும். 6-க்கும் 7-க்கும் இடையில் நிற்க வேண்டிய அமில அளவு எண் (pH; எண் குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று பொருள்) 5-க்குக் கீழே போனால் வயிறு அசைவதே நின்றுவிடும். உடம்பின் நீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கும். கண் குழி விழும். பல்லை நறநறவென்று கடிக்கும். சாணம் சாம்பல் நிறத்தில் தண்ணீராகப் போகும், புளித்த வாடை வரும், பருக்கை அப்படியே தெரியும். ஆடு என்றால் ஒரே நாளில் படுத்துவிடும்.

இங்கே எல்லோரும் செய்கிற கைவைத்தியம் எண்ணெய் ஊற்றுவது. அது உப்புசத்துக்கானது. இடது பள்ளையை, அதாவது விலாவுக்குப் பின்னால் உள்ள வயிற்றுப் பக்கத்தை, தட்டினால் மத்தளம் போல் ஒலித்தால் காற்று. அமுக்கினால் குழிந்து, உள்ளே தண்ணீர் தளும்பினால் அமிலம். அமிலத்தை எண்ணெய் முறிக்காது. புளித்த மோரும் வேண்டாம், இருக்கிற புளிப்பே போதும். வேண்டியது ஆப்பசோடா. பெரிய மாட்டுக்கு 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரிலும், ஆட்டுக்கு 10 முதல் 15 கிராமைக் கால் லிட்டர் தண்ணீரிலும் கரைத்துக் கொடுக்கலாம். பாக்கெட்டில் சோடியம் பைகார்பனேட் என்று இருக்கிறதா பாருங்கள். சலவை சோடா வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும். நாக்கை இழுத்துப் பிடித்து, தலையை அண்ணாந்து தூக்கி ஊற்றக் கூடாது. மூக்கு கண்ணின் மட்டத்துக்கு மேலே போனால் மருந்து நுரையீரலுக்குள் இறங்கும். வயிற்று நோயில் பிழைத்த மாடு சளியில் போவது இப்படித்தான். கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, இருமினால் உடனே நிறுத்த வேண்டும். படுத்துவிட்ட மாட்டுக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சோடா முதலுதவிதான். கையோடு கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் செய்துவிட வேண்டும். குளுக்கோஸும் ஊசியும் மருத்துவர் போட வேண்டியவை. தேறிய பிறகும் இரண்டு மூன்று நாளைக்கு வைக்கோல் மட்டும். தவிடு, புண்ணாக்கு பிறகுதான். சில மாடுகளுக்குக் குளம்பில் வலி வந்து நொண்டும், அது இதே நோயின் மிச்சம்.

சாகாத மாட்டுக்கும் நஷ்டம் உண்டு. தினமும் சோறும் தவிடுமாக வைத்து வைக்கோலைக் குறைத்தால் பாலில் கொழுப்பு இறங்கும். பால் சொசைட்டியில் கொழுப்பு அளவு குறைகிறது என்று சண்டை போடுகிறவர்கள் ஒரு வாரம் வைக்கோலைக் கூட்டிப் பார்க்கலாம். எருது விடும் விழாவுக்காகக் காளைக்குத் திடீரென்று தானியத்தை அள்ளி வைப்பவர்களுக்கும் இது பொருந்தும். எந்த மாவுத் தீவனத்தையும் பத்து, பதினைந்து நாளில் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும்.

பழக்கமில்லாத மாட்டுக்கு ஒரு வேளைக்கு அரைக் கிலோ சோற்றைத் தாண்ட வேண்டாம். அதையும் வைக்கோல் தின்ற பிறகே வைக்கலாம். பழகிய மாடு என்று கூடையோடு கொட்டவும் கூடாது.

மண்டபக்காரர்களுக்கும் அன்னதானக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். மிஞ்சிய அண்டாவை ஒரே வீட்டுக்குத் தள்ளிவிடாமல் பத்து வீட்டுக்குப் பிரித்துக் கொடுங்கள். எச்சில் இலையோடு பிளாஸ்டிக் பையை முடிச்சுப் போட்டுத் தெருவில் வீசாதீர்கள். அவிழ்த்தறியாத மாடு பையோடுதான் விழுங்கும். தாங்களும் சோற்றின் அளவை அடுத்த இதழில் ஒரு திருத்தமாக வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.