நுரை எழுவது வேறு, நிற்பது வேறு

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்பு மகளுக்கு,

மெல்பர்னில் நீ காய்ச்சிய பீர் நிறத்திலும் சுவையிலும் நன்றாக வந்திருந்தும், ஊற்றிய சற்று நேரத்திலேயே நுரை அடங்கிவிடுகிறது என்றும், அடுத்த முறை போத்தலில் சர்க்கரையைக் கூட்டப் போவதாகவும் எழுதியிருந்தாய். சர்க்கரையில் மட்டும் கை வைக்காதே அம்மா. பீர் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை கூடினால் கரியமில வாயு கூடும். நுரை இன்னும் உயரமாகக் கிளம்பி, முன்போலவே அடங்கிவிடும். அளவு மீறினால் போத்தலே வெடிக்கும். உன் வகை பீருக்கு லிட்டருக்கு 6 அல்லது 7 கிராம் போதும்.

எழுந்த நுரையை நிறுத்தி வைப்பது வாயு அன்று. ஒவ்வொரு குமிழியையும் சுற்றியிருக்கும் மெல்லிய தோல். மாமாக் கடையில் தே தாரேக் என்ற பால் தேநீரை ஆற்றும்போது பாலின் புரதம் காற்றைப் பிடித்து வைப்பதைப் போல, பீரில் பார்லியின் புரதம் வாயுவைப் பிடித்து வைக்கிறது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைக் கொதிக்க வைக்கும்போது வரும் கசப்புப் பொருள் அந்தப் புரதத்தோடு சேர்ந்து தோலை இறுக்குகிறது. குடிக்கக் குடிக்கக் கண்ணாடியில் வளையம் வளையமாக நுரை ஒட்டி நிற்பது இதனால்தான். இந்தத் தோலைக் கிழிக்க மிகச் சிறிதளவு எண்ணெயோ சவர்க்காரமோ போதும்.

ஆகவே முதலில் உன் கிளாஸைச் சந்தேகப்படு. கறித் தட்டுகளோடு சேர்த்துப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடுவதாகச் சொல்லியிருந்தாய். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்தாலும், எண்ணெய்ப் பசையோ, இயந்திரத்தில் ஊற்றும் மினுக்குத் திரவமோ அதில் படிந்திருக்கக்கூடும். கிளாஸை நீரில் நனைத்துக் கவிழ்த்து வடித்துவிட்டு, உட்புறத்தில் தூள் உப்பைத் தூவிப் பார். சுத்தமான இடத்தில் உப்பு ஒரே சீராக ஒட்டும். பசை இருக்கும் இடத்தில் ஒட்டாமல் திட்டுத் திட்டாக விட்டுப்போகும். பீரை ஊற்றியபின் பக்கச் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றாலும் அதே குற்றம்தான். பீருக்கென்று சில கிளாஸ்களைத் தனியே வைத்து, கையால் கழுவி, நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிடு. ஊற்றுவதற்கு முன் ஒரு முறை குளிர்ந்த நீரில் அலசிக்கொள்.

கிளாஸ் சுத்தம் என்று உறுதியான பிறகே காய்ச்சும் முறையைப் பார்க்க வேண்டும். மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, உடைத்து முதலில் 50 டிகிரியில் ஊறவைக்கும்படி பழைய முறை ஒன்று உண்டு. இன்றைய மால்ட்டில், முளைகட்டும் கட்டத்திலேயே புரதம் தேவையான அளவு உடைந்து வந்துவிடுவதால், அந்த ஊறல் நுரைக்கு உரிய புரதத்தையும் சிதைத்துவிடும். நேரே 66 முதல் 68 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, முடிவில் 72 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் நுரைக்கு நல்லது. மொத்தத் தானியத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு கோதுமை மால்ட் சேர்ப்பதையும் நான் விரும்பிப் பரிந்துரைப்பேன். கடையில் விற்கும் நுரைப் பொடி அதற்குப் பிறகும் தேவைப்படாது என்பது என் எண்ணம்.

நுரைக்கும் புரதம் ஒரு முறை நுரையாகிக் காய்ந்துவிட்டால் மறுபடியும் பீரில் கரைந்து வராது. புளிக்கும் பாத்திரத்தில் நுரை பொங்கி வழிந்தாலும், போத்தலில் அடைக்கும்போது தளதளவென்று ஊற்றினாலும், கிளாஸுக்கு வர வேண்டியது அங்கேயே செலவாகிவிடுகிறது. பாத்திரத்தில் மேலே நல்ல இடம் விட்டு வை. போத்தலின் அடிவரை குழாயை இறக்கி மெதுவாக நிரப்பு. அங்கே கோடை வெயில் ஏறும் நாட்களில் ஈஸ்டை 18 முதல் 20 டிகிரிக்குள் வைத்துக்கொள்வதும் முக்கியம். சூட்டில் வாடும் ஈஸ்ட், புரதத்தை அரிக்கும் நொதியை வெளியே விடும். அடைத்த போத்தலை இரண்டு வாரம் அறை வெப்பத்தில் வைத்து, பிறகு ஓரிரு நாள் குளிர்ப்பெட்டியில் வைத்தால்தான் வாயு நன்றாகக் கரையும்.

கின்னஸ் என்ற அயர்லாந்துக் கருப்பு பீரின் நுரையோடு மட்டும் உன் பீரை ஒப்பிட்டு மனம் தளராதே. 1959 முதல் அவர்கள் நைட்ரஜன் கலந்து ஊற்றுகிறார்கள். நைட்ரஜன் திரவத்தில் எளிதில் கரையாது. ஆகையால் சிறு குமிழியிலிருந்து பெருங்குமிழிக்குத் தோல் வழியே வாயு கடந்து போவது குறைந்து, நுரை பொடியாகவே நெடுநேரம் நிற்கிறது. உன் போத்தலில் இருப்பது கரியமில வாயு மட்டுமே.

இந்த வாரம் உப்புச் சோதனையைச் செய்து பார்த்து, ஒரே போத்தலைப் பழைய கிளாஸிலும் கையால் கழுவிய கிளாஸிலும் ஊற்றி, இரண்டிலும் நுரை எவ்வளவு நேரம் நின்றது என்று எழுது. இரண்டிலும் ஒன்றுபோல் அடங்கினால், நீ ஊறவைத்த வெப்பநிலையையும் தானிய அளவையும் குறித்து அனுப்பு. அடுத்த காய்ச்சலுக்கான அளவை நான் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா