ஓஸின்னா வவ்வால் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ராக் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் 2025 ஜூலைல இறந்தப்ப நீங்க போட்ட செய்திய வெட்டி எடுத்து வெச்சிருந்தேன், நேத்து மறுபடி படிச்சதும் மனசு கேக்கல, அதான் எழுதறேன். பாதிக்கு மேல அவரு 1982-ல மேடையில வவ்வால் தலையக் கடிச்ச கதைதான். அவரு பாடின பிளாக் சபாத் பேண்டோட முதல் ஆல்பத்தப் பத்தி ஒரு வரி கூட இல்ல சார்.

அந்த ஆல்பத்த ரெக்கார்ட் பண்ணது 1969 அக்டோபர் 16, லண்டன் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டூடியோ, ஒரே நாள். பர்மிங்காம்ல இருந்து வந்த நாலு பசங்க, எல்லாருக்கும் 20, 21 வயசு, கிளப்புல தினம் வாசிச்ச அதே பாட்டுங்கள அப்படியே வாசிச்சாங்க, கிட்டார் பேஸ் டிரம்ஸ் மூணும் ஒண்ணா, ஓஸிய மட்டும் தனி பூத்துல நிக்க வெச்சு அதே நேரத்துல பாட வெச்சு, முக்கால்வாசிக்கு ரெண்டாவது டேக்கே கிடையாது. மழை, இடி, மணி சத்தமெல்லாம் பின்னாடி சேர்த்தது.

இதுல கிட்டார் வாசிச்ச டோனி அயோமிக்கு 17 வயசுலயே ஃபேக்டரி மெஷின்ல ரெண்டு விரல் நுனி போயிருச்சு, பிளாஸ்டிக் பாட்டில உருக்கி தொப்பி மாதிரி செஞ்சு மாட்டிக்கிட்டுதான் வாசிக்கறாரு. ரெக்கார்டிங் நடுவுல கிட்டாரோட பிக்கப் (கம்பியோட அதிர்வ மின்சாரமா மாத்தற பாகம்) வேற போயிருச்சு, ஸ்பேரா இருந்த கிப்சன் எஸ்ஜி கிட்டார எடுத்து மீதிய முடிச்சாரு.

ஹெட்போன் போட்டு முதல் பாட்டக் கேளுங்க. மழை, மணி, அப்புறம் மூணே மூணு ஸ்வரம்: ச, மேல் ச, பிரதி மத்யமம். ஊர்ந்து ஊர்ந்து வர்ற பாட்டு கடைசில திடீர்னு வேகமெடுக்கும், டிரம்ஸ் வாசிக்கற பில் வார்டும் பேஸ் வாசிக்கற கீஸர் பட்லரும் டோனி கூடவே பாய்வாங்க, மூஞ்சப் பாத்து வாசிச்சாதான் அப்படி சேந்து ஓட முடியும்.

நானும் பேஸ் வாசிக்கறவன். எங்க காலேஜ் பேண்ட் பாட்ட ஒரு ஸ்டூடியோல ஆளுக்கொரு நாள் வரச் சொல்லி தாளத்துக்குக் காதுல டிக் டிக்னு ஓடற கிளிக் டிராக் வெச்சு எடுத்தாங்க, ஒரு தப்பும் இல்ல, ஆனா நாங்க நாலு பேரும் அதுல ஒண்ணா இல்லவே இல்ல, இன்னிக்கு வரைக்கும் அத முழுசா கேக்க முடியல.

அந்த ஆல்பம் 1970 பிப்ரவரி 13 வெளிவந்து இங்கிலாந்துல 8-வது இடம் வரைக்கும் போச்சு. வர்ற பிப்ரவரிலயாச்சும் ஞாயித்துக்கிழமை இணைப்புல அந்த ஒரு நாளப் பத்தி அரைப் பக்கம் போடுங்க சார், மத்த மூணு பேரோட பேரையும் சேத்து.

இப்படிக்கு,
உங்க பல வருஷ வாசகன், திருச்சி