இரண்டு ரெசிஸ்டர்களுக்காக ஒரு மடல்

யூஎஸ்பி தரத்தை வகுத்துக் காத்துவரும் யூஎஸ்பி இம்ப்ளிமென்டர்ஸ் ஃபோரத்தாருக்கும், அந்தத் தரத்தை நம்பிக் கருவிகள் செய்து விற்கும் நிறுவனங்களின் வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

குறை சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனாலும் முதலில் ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன்.

என் மேசை இழுப்பறையில் ஒரு பை நிறையப் பழைய சார்ஜர்கள் கிடக்கின்றன. நோக்கியாவின் குண்டு பின், அதற்குப் பின் வந்த ஒல்லி பின், கேமராவுக்கு மினி யூஎஸ்பி, கொஞ்ச காலம் எல்லாப் போனுக்கும் என்றிருந்த மைக்ரோ யூஎஸ்பி, ஆப்பிளின் 30 பின் பட்டை, 2012இல் அதை வீட்டுக்கு அனுப்பிய லைட்னிங். அந்த மைக்ரோவை இருட்டில் முதல் தடவையே சரியாகச் செருகிய ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. 2014 ஆகஸ்டில் டைப் சி தரத்தை வெளியிட்டு அந்தத் தடவலுக்கு முடிவு கட்டினீர்கள். மேலே 12, கீழே 12, ஆக 24 தொடுமுனைகள். எப்படித் திருப்பிச் செருகினாலும் உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பலர் கவனிக்காதது. லைட்னிங்கில் தேய்கிற ஸ்பிரிங் தகடுகள் போனுக்குள் இருந்தன. டைப் சியில் அவற்றைக் கேபிளின் முனைக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். தேய்ந்தால் கேபிளைத் தூக்கிப் போடலாம், போனைத் திறக்க வேண்டியதில்லை. (பையில் கிடந்து துளைக்குள் பஞ்சு அடைத்துக்கொள்வது வேறு கதை. அதற்குப் பல்குத்தும் மரக்குச்சி போதும், குண்டூசி வேண்டாம்.)

மாற்றம் சுலபமாக நடந்துவிடவில்லை. ஐரோப்பாவில் 2009இலேயே பெரிய போன் நிறுவனங்கள் மைக்ரோவுக்கு மாறுவதாகத் தாமாக ஒப்புக்கொண்டன. தாமாக ஒப்புக்கொண்டதற்கு என்ன ஆயுளோ அதுதான் அதற்கும். கடைசியில் சட்டம்தான் வேலை செய்தது. 2022 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஆதரவாக 602 வாக்கு, எதிராக 13. போன், டேப்லட், கேமரா, ஹெட்போன், கீபோர்டு, மவுஸ் என்று நீளும் பட்டியலுக்கு 2024 டிசம்பர் 28இலிருந்து டைப் சி கட்டாயம். மடிக்கணினிக்கு 2026 ஏப்ரல் 28 என்று நாள் குறித்தார்கள்.

ஆப்பிள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே தெரியும். 2015இல் மேக்புக், 2018இல் ஐபேட் ப்ரோ, 2023இல் ஐபோன் 15, 2024இல் மேஜிக் கீபோர்டும் மவுசும். ஒரே கூரையின் கீழேயே ஒன்பது வருடம். நடுவில் 2022இல் ஒரு வேடிக்கை நடந்தது. சாதாரண ஐபேடுக்கும் டைப் சி வந்துவிட்டது, அதில் எழுதும் பென்சிலுக்கு மட்டும் லைட்னிங். இரண்டையும் கோக்க விரல் நுனி அளவில் ஓர் அடாப்டர். அதைத் தொலைக்காமல் வைத்திருப்பவருக்குத் தனியாக ஒரு விருதே கொடுக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பக்கவாட்டில் டைப் சி துளை. பெட்டிக்குள் ஒரு சாண் நீளத்தில் வெள்ளைக் கேபிள், ஒரு முனை சி, மறுமுனை பழைய அகலமான ஏ. ஆறு மாதத்தில் அந்தக் கேபிள் எங்கோ போய்விட்டது. ஒரு நாள் அம்மா போனில் கூப்பிட்டார்.

"பிரஷர் மிஷின் கெட்டுப்போச்சுடா. ராத்திரி முழுக்கப் போட்டு வச்சேன், துளி சார்ஜ் ஏறல."

"எதுலம்மா போட்ட?"

"என் போன் சார்ஜர்லதான். அதே ஓட்டைதான? நீதான சொன்ன, இனிமே எல்லாத்துக்கும் ஒரே ஒயர்னு."

நான் சொன்னதுதான். நீங்கள் சொன்னதை நம்பி நான் சொன்னது.

அடுத்த முறை போனபோது கருவியைத் திறந்து பார்த்தேன். நான்கு திருகு, உள்ளே ஒரு பச்சைப் பலகை, ஓரத்தில் டைப் சி சாக்கெட். சாக்கெட்டை ஒட்டி ரெசிஸ்டர் (மின்தடை) வைப்பதற்கென்று இரண்டு இடம் விட்டு, வெள்ளை எழுத்தில் எண்ணும் போட்டிருந்தார்கள். இரண்டு இடமும் காலி. ஈயம்கூடப் படாமல் பளபளவென்று இருந்தன.

அந்தக் காலி இடம் என்ன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த மடலை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய ஏ துளையில் எப்போதும் 5 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும், எதைச் செருகினாலும் கொடுத்துவிடும். டைப் சி சார்ஜர் அப்படியல்ல. எதிரில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே துளைக்குள் சிசி என்று இரண்டு முனைகள். மின்சாரம் வாங்கும் கருவி அந்த முனை ஒவ்வொன்றையும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சுற்றின் கிரவுண்ட் முனையில் கட்டியிருக்க வேண்டும். சார்ஜர் அந்த 5.1ஐக் கண்டால் மின்சாரம் விடும். காணாவிட்டால், அங்கே யாருமே இல்லை என்று சும்மா இருந்துவிடும். அம்மாவின் சார்ஜர் ராத்திரி முழுக்கச் செய்தது அதைத்தான். சார்ஜர் மேலும் தப்பில்லை, அம்மா மேலும் தப்பில்லை.

இரண்டு முனைக்கும் இரண்டு ரெசிஸ்டர் ஏன் என்றால், கேபிளில் சிசி கம்பி ஒன்றுதான். எந்தப் பக்கம் திருப்பிச் செருகுகிறோமோ அதைப் பொறுத்து அது இந்த முனையிலோ அந்த முனையிலோ வந்து தொடும். ஒன்றை மட்டும் வைத்தால் ஒரு பக்கம் போட்டால் ஏறும், திருப்பிப் போட்டால் ஏறாது. அப்படிப்பட்ட கருவிகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டு முனையையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் கட்டிச் சிக்கனம் பிடிக்கலாம் என்று தோன்றும். விவரம் தெரிந்தவர்களுக்கே தோன்றியிருக்கிறது. 2019இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையில் அப்படித்தான் கட்டினார்கள். சாதாரணக் கேபிளில் ஓடியது, உள்ளே அடையாளச் சில்லு வைத்த நல்ல கேபிளைப் போட்டால் ஓடவில்லை. சார்ஜர் அந்தப் பலகையை ஆடியோ அடாப்டர் என்று நினைத்துக்கொண்டது. அவர்கள் தவறை ஒப்புக்கொண்டு பின்வந்த பலகைகளில் திருத்தினார்கள். அந்த நேர்மைக்கு என் மரியாதை.

அம்மாவின் கருவியைச் செய்தவர்களோ தெரியாமல் செய்யவில்லை. பலகையை வரைந்தவருக்குத் தெரிந்திருக்கிறது, இடம் விட்டிருக்கிறார். பிறகு யாரோ செலவுப் பட்டியலைப் பார்த்து, "பெட்டியில் நம் கேபிள் போகிறதே, அதில் ஏறுகிறதே, இது எதற்கு?" என்று அடித்திருக்க வேண்டும். கடுகில் பாதி அளவுள்ள இரண்டு துண்டு. ஒரு சார்ஜரின் அட்டைப் பெட்டிக்கு ஆகும் செலவுகூட அதற்கு ஆகாது.

இரண்டு ரெசிஸ்டரையும் நானே பற்றவைத்தேன். கை நடுங்கியதில் ஒன்று எங்கோ தெறித்துப் போனது, தரையில் தேடிக் கண்டுபிடிப்பதெல்லாம் நடக்கிற காரியமா, புதிதாக ஒன்று எடுத்து வைத்தேன். மூடிவிட்டு அம்மாவின் போன் ஒயரைச் செருகியதும் பேட்டரிக் குறி ஓட ஆரம்பித்தது. திருப்பிச் செருகியும் பார்த்தேன். ஓடியது.

"என்னடா கெட்டிருந்துச்சு?" என்றார் அம்மா.

"எதுவும் கெடலம்மா. வைக்காம விட்டுட்டாங்க."

போனிலும் டேப்லட்டிலும் இந்தக் கூத்து அநேகமாக இல்லை. பெரிய கருவிகளில் சரியாக இருக்கிறது. பிரச்சினை எல்லாம் பின்னால் வரும் சில்லறைப் பட்டாளத்தில்: டார்ச், டிரிம்மர், கைவிசிறி, பல்துலக்கி, மேசை விளக்கு, விளையாட்டுப் பொம்மை. ஐரோப்பியச் சட்டத்தின் பட்டியலில் இவை இல்லை. அங்கே பெயர் இருப்பது 13 வகைக்குத்தான். ஆனால் வீட்டில் எண்ணிப் பார்த்தால் போன் நான்கு என்றால் சில்லறை பத்து. பழைய ஏ சார்ஜர்கள் வீட்டில் இருக்கும்வரை எப்படியோ ஓடிவிடும். புதிதாக வரும் சார்ஜர்களில் ஏ துளையே காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. கடைசி ஏ சார்ஜர் குப்பைக்குப் போகும் அன்று, ஒரு பழுதும் இல்லாத இந்தக் கருவிகளும் கூடவே போகும். சார்ஜர் குப்பையைக் குறைக்கத்தானே இவ்வளவும் ஆரம்பித்தோம்? வாங்கிப் பயன்படாமல் தூக்கியெறியும் சார்ஜர்கள் மட்டும் ஆண்டுக்கு 11,000 டன் என்பது ஐரோப்பிய ஒன்றியமே போட்ட கணக்கு.

ஃபோரத்தாரே, உங்கள் தரச் சான்று முத்திரை கேட்டு வராதவர்களை உங்களால் தடுக்க முடியாது என்பது தெரியும். அதனால் இந்தப் பத்தி இரண்டாவதாக விளித்தவர்களுக்கு, குறிப்பாக அவர்களிடம் சரக்கெடுத்துத் தம் பெயரை ஒட்டி விற்பவர்களுக்கு. டைப் சி துளை வைத்த கருவியின் பெட்டியில் ஏ முனைக் கேபிளை வைக்காதீர்கள். கேபிள் வைத்தால் இரண்டு முனையும் சியாக வையுங்கள், இல்லாவிட்டால் கேபிளே வேண்டாம். பெட்டியில் சி-டு-சி கேபிள் போகிறது என்றால் அந்த இரண்டு ரெசிஸ்டரை அடிக்க எந்தச் செலவுக் கணக்காலும் முடியாது. முதல் வாரமே கருவிகள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்துவிடும். இணைய அங்காடிகளும் மனம் வைத்தால் நடக்கும். 2015இல் கூகுள் பொறியாளர் பென்சன் லியூங் ஒவ்வொரு கேபிளாக வாங்கிச் சோதித்து, எது தரத்துக்குப் பொருந்தவில்லை என்று எழுதி வந்தார். அடுத்த ஆண்டே, தரத்துக்குப் பொருந்தாத டைப் சி கேபிள்களை விற்கக் கூடாது என்று அமேசான் விதியில் சேர்த்தது. கேபிளுக்கு முடிந்தது டார்ச்சுக்கு முடியாதா?

ஃபோரத்தாருக்கு என்று ஒன்று தனியாக இருக்கிறது, அது கேபிள். என்னிடம் இப்போது பதினொரு சி-டு-சி கேபிள்கள் உள்ளன. பதினொன்றும் கறுப்பு, பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றில் 60 வாட்டுக்கு மேல் போகாது, ஒன்று 240 வரை தாங்கும். ஒன்றில் தகவல் நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தில்தான் நகரும், இன்னொன்றில் 40 கிகாபிட். 100 ஜிபி காணொளியை நகர்த்த 480இல் ஏட்டுக் கணக்கிலேயே 28 நிமிடம் ஆகும், 10 கிகாபிட்டில் ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. ஐபோன் 15க்கும் 15 ப்ரோவுக்கும் துளை ஒன்றே, ஆனால் முன்னது 480, பின்னது 10 கிகாபிட். துளையைப் பார்த்து இதை யார் சொல்ல முடியும்? நான் கேபிள்களின் கழுத்தில் கலர் நூல் கட்டி வைத்திருக்கிறேன், சிவப்பு என்றால் அதிக வாட், நீலம் என்றால் அதிக வேகம்.

பெயர் வைப்பதில் உங்கள் திறமையைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. 3.0 என்று பிறந்த பிள்ளை 3.1 ஜென் 1 ஆகி, பிறகு 3.2 ஜென் 1 ஆனது, வேகமோ அன்றிருந்த அதே 5 கிகாபிட். அதையெல்லாம் விட்டுவிட்டு, வேகத்தையும் வாட்டையும் நேராக எண்ணாகவே போடும் இலச்சினைகளுக்கு வந்துவிட்டீர்கள், நல்லது. ஆனால் என்னிடம் உள்ள கேபிள்களில் அவை பெட்டி அட்டையோடு போய்விட்டன. கேபிளின் பிளக் மேலேயே அந்த இரண்டு எண்ணையும் அழியாமல் பொறித்தால்தான் முத்திரை என்று ஒரு வரி சேருங்கள். என் நூல்கண்டுக்கு ஓய்வு கிடைக்கும்.

கட்டாயத் தரம் வந்தால் புதுமை செத்துவிடும் என்று சில நிறுவனங்கள் சொன்னதையும் மறக்கவில்லை. 2012இல் லைட்னிங் வந்தபோது மைக்ரோவைவிட அது மேலானதாகத்தான் இருந்தது. அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிடுவதில் என்ன புதுமை என்று யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாவின் கருவி நன்றாக ஓடுகிறது. அவர் அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு அத்தையிடமும் அதே கருவிதான், அதே பழுதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறார்களாம்.

இப்படிக்கு,
சால்டரிங் அயர்னோடு காத்திருக்கும் ஒரு பயனர்